மூன்றடி அகல மெத்தை விடயமாக

உவர்மலை,
திருகோணமலை.
14.06.1998

அன்பும் மதிப்பும் உடைய மச்சான் தவராசா அவர்களுக்கு,

குணரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. கனடாவில் நீங்களும் குடும்பத்தினரும் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமான் துணை நிற்பாராக. இங்கே நானும் சுகம், வீட்டுக் கூரையும் சுகம். உங்கள் தங்கச்சி இராசமலர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பதைத் தவிர வேறு குறையில்லை.

எந்த மெத்தை பொருத்தம் என்று எழுதினால் அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் துறைமுகக் கந்தோரில் கோப்பு எழுதியவன் என்ற முறையில் ஒழுங்காகவே பதில் தருகிறேன்.

கட்டில், மூடிப்போன ஒரு தனியார் மருத்துவமனைக்காரர் இரவலாகத் தந்த இரும்புக் கட்டில். கால்மாட்டில் இரண்டு கைபிடிகள். ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், மற்றதைச் சுற்றினால் முழங்கால் பக்கம் எழும்பும். அகலம் மூன்றடி. எங்கள் வீட்டுத் தென்னந்தும்பு மெத்தையோ நாலரை அடி. ஒன்றரை அடி வெளியே தொங்கினால் என்ன என்று அதையே போட்டு, கஞ்சி கொடுப்பதற்காகத் தலைப்பக்கத்தைச் சுற்றினேன். கட்டில் மடங்கியது, மெத்தை மடங்கவில்லை. கதவுப் பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது. உங்கள் தங்கச்சி கஞ்சிக் கோப்பையோடு கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தா. இடுப்பு தப்பியது, கோப்பை தப்பவில்லை.

பிறகு மெத்தை தைக்கும் முஹம்மது தம்பி நானாவிடம் அளவு கொடுத்து இலவம்பஞ்சில் தைப்பித்தோம். அது நன்றாக மடங்கியது. மடங்கி மடங்கிப் பத்தே நாளில் பஞ்சு முழுவதும் கால்மாட்டுக்குப் போய்விட்டது. நடுவில் எஞ்சியது துணியும், துணிக்குக் கீழே இரும்புச் சட்டமும்தான். முதுகின் அடியில் சிவப்பாக ஒரு புண் தொடங்கிவிட்டது. மருந்து கட்ட வருகிறவ றம்லா, கிண்ணியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி. அவ என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொன்னா:

“ஐயா, இடுப்பு எப்பிடியும் பொருந்தும். இந்தப் புண் எலும்பு வரைக்கும் போச்செண்டா அம்மாவ எழுப்பேலாது.”

அண்டைக்கே நான் கலீலுர் றஹ்மான் கடையில ஸ்பொஞ்ச் மெத்தை ஒண்டு வாங்கி ஓட்டோவின்ர தலையில கட்டிக்கொண்டு வந்தனான். சோதனைச் சாவடியில மறிச்சினம். மெத்தைக்குள்ள என்ன எண்டு கேட்க, மெத்தைதான் எண்டன். ஒரு ஆமிக்காரர் நம்பாமல் கம்பியால ஏழு இடத்தில குத்திப் பார்த்தார். பிறகு ஆருக்கு எண்டு விசாரிச்சு, உள்ளங்கையால அமத்தி, தன்ர அம்மாவும் ஊரில இப்பிடித்தான் கிடக்கிறா, தும்புதான் குளிர்ச்சி எண்டு சிங்களத்தில சொல்லி அனுப்பினார். மெத்தையைக் கையால அமத்திப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். மற்ற எல்லாரும் படுத்துப் பார்த்தவை.

வருத்தக்காரியைப் பார்க்க வாறவை தோடம்பழத்தை மேசையில வைச்சிட்டு, இராசமலரைப் பஞ்சு மெத்தையில கிடக்க விட்டிட்டு, மண்டபத்தில விரிச்ச புது மெத்தையில ஆளாளுக்குச் சரிஞ்சவை. பூரணி மாமி மெது கூடிப்போச்செண்டா. இரத்தினசிங்கம் மாஸ்டர் இறுக்கம் எண்டார். என்ர அக்கா குணேஸ்வரி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்து, நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, “ஓம், இது நல்லம்” எண்டு அத்தாட்சி தந்தா. படுக்கவேண்டிய ஆளிட்ட ஒருத்தரும் கேட்கேல்லை. எனக்கும் அது தோணேல்லை.

அத்தாட்சியோட அக்கா ஒரு கட்டளையும் போட்டா. பொலித்தீன் உறையைக் கழட்டக்கூடாது, மெத்தை ஊத்தையாகிப்போம். எங்கட மண்டபத்துக் கதிரைகள் எண்பத்தாறில வாங்கினது, இண்டைக்கும் உறையோடதான் நிக்குது. அதால எனக்கு இதில ஒரு பிழையும் தெரியேல்லை. திருகோணமலை வெயிலில நாலு நாள் இராசமலர் பொலித்தீனுக்கு மேல அவிஞ்சா. புண் பெருத்திட்டுது. றம்லா வந்து பார்த்து, உறையைப் பிளேட்டால கிழிச்சு, சுருட்டி, அக்காவின்ர மடியில வைச்சிட்டுக் கை கழுவப் போனா.

மெத்தை மட்டும் போதாது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இடமும் வலமுமாகத் திருப்பிப் படுக்க வைக்கவேணும் எண்டும் றம்லா சொல்லிப்போட்டா. மூண்டு கிழமையாகப் பகலும் சாமமும் மணிக்கூடு அடிக்க நான்தான் திருப்புறன். திருப்பின உடன போய்ப் படுக்கவும் ஏலாது. அவ முழிச்சிருப்பா, ஏதாவது கதைக்கவேணும். கந்தோர்க் கதையெல்லாம் முடிஞ்சுது. புண் எப்பிடி எண்டு றம்லாவைக் கேட்டால், “இன்னும் கொஞ்சம் இருக்கு ஐயா” எண்டு என்னை வெளியில அனுப்பிறா. எனக்குப் பயமாகக் கிடக்கு மச்சான். வேற ஆரிட்டச் சொல்ல?

ஆகவே என் முடிவு வருமாறு. மோட்டார் பூட்டிய காற்று மெத்தை, மூன்றடிக்கு ஆறரை அடி. அதன் குழாய்கள் மாறி மாறிக் காற்றை நிரப்பி உடம்பைத் தானே அசைத்துக் கொடுக்குமாம். மோட்டார் எதற்கென்று சோதனைச் சாவடியில் காட்ட டொக்டர் கடிதம் ஒன்றையும் கட்டாயம் இணைக்கவும். கரண்ட் நிற்கும் நேரம் தவிர்ந்த ஏனைய நேரங்களில் அவவின் முதுகும் என் கண்ணும் ஆறுதல் அடையும்.

உங்கள் வீட்டில் அனைவரும் நீடூழி வாழவும், ஒருவருக்கும் மெத்தையைப் பற்றி யோசிக்கும் தேவை வராதிருக்கவும் பிரார்த்திக்கும்,

மைத்துனன்
சி. குணரத்தினம்

பி.கு.: அண்ணா, இவர் விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தை என்னட்டத் தந்திட்டுக் கடைக்குப் போயிட்டார். மெத்தை அனுப்பவேண்டாம். புண் ஆறிப் பத்து நாளாச்சு. எனக்கும் றம்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். கலியாணம் முடிச்ச இருபத்தொன்பது வருசத்தில இந்த மனுசன் என்னோட இவ்வளவு கதைச்சதில்லை. நேற்றுத்தான் கதையில என்னைப் பொம்பிளை பார்க்க வந்த நாளுக்கு வந்து நிக்கிறார். அது முடியட்டும், நானே சொல்லுறன். – இராசமலர்.