பன் மாவும் பொடிக் கெண்டையும்

பகலில் தூங்குகிற மனுஷனோடு நீங்கள் குடும்பம் நடத்தியிருக்கிறீர்களா?

நான் ஒன்பது வருஷமாக நடத்துகிறேன். என் வீட்டுக்காரருக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது இவர் மாவு பிசைவார். ஊர் எழுந்து அந்த ரொட்டியைத் தின்னும்போது இவர் குறட்டை விடுவார். அதனால் எங்கள் வீட்டில் குக்கர்கூட பயந்து பயந்துதான் விசில் அடிக்கும். பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்தால் ஊமைப் படம் தோற்றுப்போகும். முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உருளுவார்கள். ஒரு சத்தம் வராது. கடைசியில் என்னிடம் வந்து, காதோடு காதாகப் புகார் கொடுப்பார்கள்.

மூத்தவளுக்கு எட்டு வயசு. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சின்னவனுக்கு நாலரை.

அந்தச் சின்னவன்தான் போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். தலைப்பு, 'எங்கள் வீடு'. நான் நிற்கிறேன். வக்கீல் நிற்கிறாள். அவனும் நிற்கிறான். அப்பா மட்டும் தாளின் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படுத்திருக்கிறார். டீச்சர் பதறிப்போய், "அப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டாராம்.

"ஒண்ணுமில்ல மிஸ். அப்பா அப்படித்தான் இருப்பாங்க."

படத்தை என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் நிக்கிற மாதிரி வரைஞ்சிருக்கலாம்லடா?"

"பாத்ததத்தானேப்பா வரையணும்?"

அவ்வளவுதான். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது! பசங்களைக் கூட்டிட்டு மீன் பிடிக்கப் போறேன்!"

"உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமாங்க?"

"ராத்திரிக்கு முன்னூறு ரொட்டி சுடுறேன். நாலு மீன் பிடிக்க முடியாதா?"

"அதுக்கில்ல. சின்ன வயசுல நாங்க குளத்துல..."

"நீ வேடிக்கை பாக்க மட்டும் வா. யோசனை சொல்ல வராத."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். மூடின வாய்க்குள்ளே சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

ஞாயிறு காலை வேலை முடிந்து வந்தார். கண் இரண்டும் தக்காளிப் பழம். குளித்துவிட்டு இரைக்கு மாவு பிசைய உட்கார்ந்தார். மைதா, சர்க்கரை, கொஞ்சம் பால். பழகின கை அல்லவா, கூடவே மாவை உப்பவைக்கிற ஈஸ்டையும் போட்டுவிட்டது. பஸ்ஸில் போகும்போதே என் மடியிலிருந்த டப்பாவின் மூடி மெதுவாக மேலே எழும்பியது. அமுக்கினேன். மறுபடி எழும்பியது. குளம் வருவதற்குள் மாவு டப்பாவை விட்டு வெளியே வந்து ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தது.

உருண்டை பிடித்தார், ஒவ்வொன்றும் ஒரு பன் அளவுக்கு. தூண்டில் முள்ளில் குத்தித் தண்ணீரில் வீசினார். முள் மூழ்கவில்லை. பன் மிதந்தது.

"அப்பா, உள்ள போகலையே?" என்றாள் வக்கீல்.

"நாம ஏன் உள்ள போகணும்? மீனு மேல வரும்."

பிறகு மாவை நசுக்கித் தட்டையாக்கி ஒருவழியாக மூழ்க வைத்தார். அந்தக் குளத்தில் இருப்பதெல்லாம் உள்ளங்கை அகலப் பொடிக் கெண்டை. அதுகளுக்கு நாக்கு நீளம். மருமகள் சமையலை மாமியார் ருசி பார்க்கிற மாதிரி நுனியில் ஒரு தொடு, அடுத்து ஒரு முகச்சுளிப்பு, அவ்வளவுதான். முள்ளை மட்டும் சுத்தமாகத் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

தண்ணீரில் மிதக்கிற தக்கை லேசாக ஆடினால் போதும், இவர் குதிப்பார். "கடிக்குது! கடிக்குது! இழு, இழு, இழு!" இவர் போட்ட கூச்சலில், எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்தவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போயே விட்டார். ராத்திரி முழுக்க மெஷின் இரைச்சலில் கத்திப் பேசுகிறவர், பாவம், அவர் தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

இரண்டு மணி நேரம் போனது. வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

வக்கீல் என் காதில், "அம்மா, அப்பா சத்தத்துல மீனெல்லாம் ஓடுது" என்றாள்.

"நீயே சொல்லேன்."

"எப்படிம்மா சொல்றது? எவ்ளோ ஆசையா வந்திருக்காங்க!"

சின்னவன் இன்னொரு காதுக்கு வந்தான். "மீனே கிடைக்கலன்னா அப்பா இனிமே எங்களோட வர மாட்டாங்களாம்மா?"

அதற்கு மேல் வேடிக்கை பார்க்க முடியுமா? எழுந்து போனேன்.

"என்னங்க, பசங்க ரொம்ப சத்தம் போடுறாங்க. அதான் மீன் வரல."

பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆனாலும் சொன்னார், "ஆமா. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அவங்களை அடக்க ஒரே வழிதான். நீங்க தூங்குனா தானா அடங்கிடுவாங்க. வீட்டுப் பழக்கம்."

"ஏய், நான் இன்னைக்குத் தூங்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்!"

"தூங்கவா சொன்னேன்? நடிங்க. அஞ்சே நிமிஷம்."

"நடிக்கவா?" முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்கூல் நாடகத்துல பிணமா நடிச்சுக் கைதட்டு வாங்கினவன் நான், தெரியுமா?"

மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். ஒரு குறட்டை விட்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து, "எப்படி?" என்றார். பிரமாதம் என்றேன். இரண்டாவது குறட்டையும் நடிப்புதான். மூன்றாவது அசல்.

நான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். 'இது கொசு பிடிக்கவா?' என்று அவர் ஒதுக்கிய சின்ன முள்ளை எடுத்துக் கட்டினேன். கொண்டை ஊசியால் ஈரமண்ணைக் கிளறி ஒரு மண்புழு எடுத்து, கடுகளவு கிள்ளி வைத்தேன். பெரிய தக்கையை அவிழ்த்துவிட்டு ஒரு காய்ந்த குச்சித்துண்டைக் கட்டினேன். கம்பை வக்கீலிடம் கொடுத்தேன்.

குச்சி நடுங்கியது. 'இப்பவா?' என்று அவள் உதடு மட்டும் கேட்டது. இல்லை என்று கண்ணாலேயே சொன்னேன். குச்சி ஒரு பக்கமாக நகர்ந்தது. இப்போ!

வெள்ளிக் காசு மாதிரி ஒரு கெண்டை மேலே வந்தது. இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், வாயைப் பிளந்து கூத்தாடினார்கள். ஒரு சத்தம் இல்லை! எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி இருக்கும்? ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்து மீன்.

ஆறாவது சின்னவன் முறை. குச்சி விசுக்கென்று உள்ளே போனது. தூண்டில் நரம்பு விறைத்தது. அவன் மீனைப் பார்க்கவில்லை, மரத்தடியைப் பார்த்தான்.

"அப்பாவை எழுப்பட்டுமா?"

எங்கள் வீட்டில் யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது.

"ஓடு, எழுப்பு."

கம்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினான். எப்படி எழுப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஈர விரலால் அவர் கண் இமையைத் தூக்கினான்.

"அப்பா. மீன்."

ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார் மனுஷன். தூங்கி எழுந்த தொண்டை, நல்லவேளை, சத்தம் வரவில்லை. பையன் கம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள, அவன் கைமேல் தன் கையை வைத்துத் தூக்கினார். மீனின் வாயிலிருந்து அவரே முள்ளை எடுத்தார், பன் மேல் செர்ரி வைக்கிற பதமாக. அடுப்பு சுட்ட தழும்பு முழங்கை வரைக்கும் இருக்கிற கை அது. அந்தத் தழும்பில்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். சின்னவன் அந்தக் கையை விடவே இல்லை. எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த அஞ்சும் எப்ப வந்துச்சு?"

"நீங்க நடிச்சப்ப."

"எவ்ளோ நேரம் நடிச்சேன்?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

தொண்டையைச் செருமினார். "பாத்தியா? நான் நடிச்சதாலதான் பசங்க அடங்குனாங்க. பசங்க அடங்குனதாலதான் மீன் கடிச்சுது. யாரோட திட்டம்?"

"உங்க திட்டம்தாங்க."

மீன்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். சின்னவன் அவர் மடியில். இவருக்கோ வாய் ஓயவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் பெரிய கம்பு வாங்குவாராம், இன்னும் பெரிய முள்ளாம், மீன் பிடிப்பதைப் பிள்ளைகளுக்கு அ, ஆவிலிருந்து சொல்லிக் கொடுப்பாராம்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"அடுத்த வாரமும் கட்டாயம் வாங்கப்பா. வர்றப்ப தலகாணியும் எடுத்துக்கோங்கப்பா."