கடற்காற்று வந்தால் புகை போடலாம்

பூம்பாறை மக்கள் இதுநாள்வரை காற்றை மூக்கால் இழுத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அது போதாது என்று அரசாங்கத்துக்குப் பட்டது. இப்போதெல்லாம் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் அறை எடுக்கும்போது வெந்நீர் உண்டா என்று கேட்பதில்லை. காற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். ஆகவே பஞ்சாயத்துக் கட்டிட மொட்டைமாடியில் காற்றை அளக்கும் பெட்டி ஒன்றை வைத்து, வாசலில் மார்க் காட்டும் பலகையை மாட்டி, காற்றுத்தர அலுவலர் ராஜேஷ்குமாரையும் மலையேற்றி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் பலகை சிவந்தது. அலுவலர் மோப்பம் பிடித்துக்கொண்டு நேரே ராக்காயி வீட்டுக்குப் போனார். அங்கே அடுப்புக்கு மேலே பரண் நிறைய விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கியது. புகையில் காய்ந்தால்தான் பூண்டு அடைமழையைத் தாங்கும். தை பிறந்ததும் விதைக்க ஆகும். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மண்வெட்டி பிடித்தவள் ராக்காயி. அவளுடைய அடுத்த வருஷத்துச் சோறு அந்தப் பரணில்தான் இருந்தது.

அவள் பொறுமையாகவே சொன்னாள். ஊர் குழிக்குள் கிடக்கிறது, குளிர்காலத்தில் குளிர் அடியில் படுத்துக்கொள்ளும், விடிகாலைப் புகை மேலே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே சுற்றும், வெயில் ஏறினால் அதுவும் ஏறிவிடும் என்றாள். சித்திரை, வைகாசியில் வரிசைகட்டி நிற்கிற கார்ப் புகையை அளந்தீர்களா என்றும் கேட்டாள். அந்த இரண்டு மாதமும் பெட்டிக்கு வருடாந்திரப் பராமரிப்பு என்றார் ராஜேஷ்குமார்.

பிறகு கைப்புத்தகத்தைப் புரட்டினார். அது சென்னையில் ஒரு கடலோரப் புறநகருக்காக எழுதப்பட்டது. மலைக்கென்று தனியாக எழுத நேரமில்லாததால் அட்டைப்படத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“விதி பதினாலு. மத்தியானம் கடற்காற்று வந்து சேர்ந்த பிறகு புகை போடலாம்.”

“இங்க கடல் எங்க சார் கெடக்கு?”

“அது உங்க சோலி இல்லம்மா. காத்து வந்ததும் ஆபீஸ்லருந்து சொல்லி அனுப்புவோம்.”

அன்று முதல் அடுப்பு அணைந்தது. ராஜேஷ்குமார் தினமும் மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடியில் நின்று, ‘கடற்காற்று இன்று வருகை தரவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். இருபத்துமூன்று நாள் இப்படியே போனதும், காலதாமதத்துக்கு விளக்கம் கேட்டுத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மலைப்பாதையில் மண்சரிவு என்று பதில் எழுதினார். தலைமையகம் அதைக் கனிவுடன் ஏற்று, பாதை சீராகும்வரை கடற்காற்றைப் பழனி வழியாக வரவழைக்க ஆவன செய்யுமாறு பணித்தது.

பரணில் பூண்டு ஈரம் கோத்துக் கறுக்கத் தொடங்கியது. ஒருநாள் மாலை ராக்காயி அலுவலரைத் தேடிப் போனால், வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் கந்தவேலின் காட்டேஜ் முற்றத்தில் அடுக்கிய கட்டைகள் திகுதிகுவென்று எரிய, விருந்தாளிகளோடு உட்கார்ந்து அவர் குளிர்காய்ந்து கொண்டிருந்தார்.

“இந்தப் புகைக்குக் காத்து வந்துருச்சா சார்?” என்று கேட்டாள்.

“இது புகை இல்லம்மா. சுற்றுலா.”

ராக்காயிக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாளே ‘பாரம்பரியப் புகை அனுபவம்’ என்று மனு எழுதிக் கொடுத்தாள். இரண்டே நாளில் அனுமதி கிடைத்தது. பட்டணத்துக்காரர்கள் நல்ல காற்று தேடி அத்தனை வளைவும் ஏறிவந்து, காசு கொடுத்து அவள் அடுக்களையில் கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்து, நுரையீரல் லேசானது போலிருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டார்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லதுங்க என்று ராக்காயியும் கூசாமல் சொல்லப் பழகினாள். முதலில் சிரித்த ஊர், பிறகு வீட்டுக்கு வீடு மனு எழுதியது. பூண்டும் தப்பியது.

தை பிறந்தது. விதைப்பூண்டை இறக்க அவள் ஏணி வைத்த அன்று ராஜேஷ்குமார் ஓர் ஆணையோடு வந்தார். அங்கீகரிக்கப்பட்ட அனுபவத்தின் எந்தப் பொருளையும் சீசன் முடியும்வரை இடத்தைவிட்டு அகற்றக்கூடாது.

“விதைக்கணும் சார். மண்ணு காத்துக் கெடக்கு.”

“விதைச்சிட்டா இவங்களுக்கு எதைக் காட்டுவீங்க?”

வாசலில் வெளியூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். ராக்காயி அவர்களைப் பார்த்தாள். அங்கிருந்து தெரிந்த தன் பூண்டுக்காட்டையும் பார்த்தாள். ஏணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பில் ஈரவிறகைச் செருகினாள்.

ஊர் முழுக்க அப்படித்தான் செய்தது. அந்த வருஷம் படிப்படியாக இறங்கும் பூம்பாறைக் காடுகளில் புல்லைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

ஆனியில் பூம்பாறைக்குத் ‘தூய காற்றுக் கிராமம்’ விருது கிடைத்தது. விழா விருந்துக்கு ரசம் வைக்க வேண்டும். பரணில் தொங்கியதெல்லாம் கரி பிடித்து, வாயில் வைக்க ஆகாமல் சுருங்கிப்போயிருந்தது. கந்தவேல் ஜீப்பில் கீழே இறங்கி, கன்னிவாடிச் சந்தையில் சமவெளிப் பூண்டு ஒரு மூட்டை வாங்கிவந்தான். ராஜேஷ்குமார் இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன இருந்தாலும் மலைப்பூண்டு மணமே தனி என்றார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ராக்காயியும் ஆமாம் என்றாள்.