குட்டி ஈன்ற பெண் சிறுத்தை

பத்திரிகை வாங்குகிறவர்களில் செய்தியை வாசிக்காத ஓர் இனம் உண்டு. செய்தியில் மிஞ்சிக் கிடக்கும் சொற்களை மட்டுமே அது வாசிக்கும். நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். கண்டதும் தெருவைக் கடந்து மறுபக்கம் போயிருப்பீர்கள்.

கட்டுகஸ்தோட்டை மோகனராஜ் அந்த இனத்தில் முதல் தரம். மாநகர சபையில் முப்பது வருடம் பிறர் எழுதிய கடிதங்களைச் சுருக்கிச் சுருக்கியே ஓய்வு பெற்றவர். அரசியல்வாதி எவ்வளவு பேசினாலும் மன்னித்துவிடுவார். மிருகம் என்று வந்துவிட்டால் மட்டும் பொறுக்கமாட்டார். 'யானையின் உயிரற்ற சடலம்' என்று கண்டால் சடலத்துக்கு உயிர் ஏது என்று குமுறி, 'பாம்பு வாயால் கடித்தது' என்று கண்டால் பின்னே வாலாலா கடிக்கும் என்று பல்லைக் கடித்து, சிவப்புப் பேனாவால் கோடு கிழித்து, தேநீர் ஆறிப்போவதற்குள் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போன் போட்டுவிடுவார்.

"குட்டி ஈன்ற பெண் சிறுத்தைன்னு போட்டிருக்கீங்களே தம்பி, ஆண் சிறுத்தை எங்கயாச்சும் குட்டி போட்டிச்சா?"

"சேர், அந்தச் சிறுத்தை இன்னும் புடிபடல. அது தெரியுமா?"

தெரியாது. அவ்வளவு தூரம் அவர் வாசிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பின்வளவு மரத்திலிருந்த குளவிக்கூட்டைக் கழுகு கலைத்துவிட்டது. பக்கத்து வீட்டு பவாஸ் தன் கதவிடுக்கில் நின்று கத்தினான்.

"அங்கிள், குளவி கெளம்பிட்டுது. ஜன்னல மூடுங்க. வெளிய வராதீங்க, ஊட்டுக்குள்ளயே இரிங்க."

வேறு எவராவது என்ன செய்திருப்பார்? மோகனராஜ் மூடியிருந்த ஜன்னலைத் திறந்தார்.

"வெளிய வராதீங்கன்னாலே உள்ளதானேப்பா இருப்பாங்க? ஒண்ணு சொன்னா போதும்."

குளவிகள் உள்ளே வந்தன. அவர் காதில் ஒன்றுதான் கொட்டியது. அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அவரைப் பின்னால் தள்ளி ஜன்னலைச் சாத்திய மனைவி ஞானேஸ்வரிக்குப் பதினாறு கொட்டு.

பவாஸின் முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மாவின் முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. தன்னால் வந்தது என்பது மோகனராஜுக்கு நன்றாகவே தெரியும். டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குளவி டொக்டர், குளவிதான் கொட்டிருச்சு. என் சம்சாரம், என் பொண்டாட்டி டொக்டர். காப்பாத்துங்க, எப்படியாச்சும் காப்பாத்தி உசிரோட குடுங்க."

டொக்டர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ஊசி போட்டார். ஞானேஸ்வரி பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் செய்தி வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி ஞானேஸ்வரிதான் வாசித்தார். "வயோதிப முதியவர் ஒருவரின் மனைவி, குளவிக் கொட்டுக்கு இலக்காகி உயிருடன் உயிர் தப்பினார்." வாசித்துவிட்டுத் தாளைப் புருஷனிடம் நீட்டினார். "இதுல எதங்க வெட்டப் போறீங்க?"

மோகனராஜ் 'உயிருடன்' மேல் பேனாவை வைத்தார். வீக்கம் வடியாத மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்துவிட்டார். 'உயிருடன்' இருக்கட்டும், 'உயிர் தப்பினார்' என்பதும் இருக்கட்டும். 'வயோதிப', 'முதியவர்' இரண்டை மட்டும் அழுத்தமாக வெட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் மிஞ்சிக் கிடக்கும் நாலைந்து சொற்களை நீங்களும் மனதுக்குள் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதைச் சொல்வதற்கு முன் வெளியே யாராவது கத்துகிறார்களா என்று ஒரு தடவை காதைக் கொடுத்துக் கேளுங்கள்.