ஆசிரியர் அவையில் இல்லை

கெல்ப் முனை எழுத்தாளர் வட்டத்துக்கு உறுப்பினர்கள் ஐந்து பேர், விதிகள் அறுபத்திரண்டு. விதிகளை எழுதியவன் செயலாளனாகிய நான். டாஸ்மேனியாவின் வடகரையில் இத்தனை நிறைவான விதித்தொகுப்பு வேறெந்த இலக்கிய அமைப்பிடமும் இல்லை என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

அவற்றில் பதினான்காவது விதி எழுத்துக் குழுக்களில் உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஒருவருடைய கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கதை பதினைந்து நிமிஷமும் விளக்கவுரை ஒன்றரை மணி நேரமும் ஆகிவிடும். இதை நான் சற்றே மெருகேற்றி, "விவாதத்தின்போது ஆசிரியர் அவையில் இல்லாதவராகக் கருதப்படுவார்" என்று எழுதியிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை.

அப்புறம் நகராட்சி எங்களுக்கு ஷோனா விக்ஸ் என்ற அதிகாரியை அனுப்பியது. கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கும். பதவி, சமூகப் படைப்பூக்க ஒருங்கிணைப்பாளர். நூலகத்தின் பின்னறையை எங்களுக்கு இலவசமாகத் தருவது நகராட்சி. மாத இறுதியில் எங்கள் தொகுப்பை அச்சிட்டு ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்போவதும் நகராட்சி. ஆகவே அவர் எங்கள் விதிகளைப் படித்தார். முழுவதும் படித்த முதல் ஆள் அவர்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கூட்டம் நடத்தக் கோரம் எத்தன பேருங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு. அதுக்குக் கொறஞ்சா கூட்டமே செல்லாது."

"ஒருத்தர் கதையப் பேசறப்ப அவர் அவையில இல்ல. அப்ப நாலு பேர்தானே? இதுவரைக்கும் பேசினது, இனிமே பேசறது, எந்தக் கதையும் செல்லாது. முறையா விவாதிச்சு ஏத்துக்கிட்டத மட்டும்தான் நாங்க அச்சடிப்போம்."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நான் தலைவணங்கினேன்.

மர்லீன் எங்கள் தலைவி. காதல் கதை எழுதுபவர். "ஏங்க, கிளெனிஸ் இதோ இந்த நாற்காலியில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. இல்லங்கறீங்களே?" என்றார்.

"உணர்வு எனக்குப் புரியுது" என்றார் ஷோனா. அதிகாரிகள் இப்போது இப்படிச் சொல்லத்தான் பயிற்சி பெறுகிறார்கள்.

இதில் உண்மையாகவே கலங்கியது கிளெனிஸ்தான். மீன் பதப்படுத்தும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். பதினோரு மாதமாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி நெவில், இறந்துபோன அப்பாவின் படகை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டான். பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கதையில் அவனுக்கு நார்மன் என்று பெயர் மாற்றி, அவனுடைய டயர் கடையைப் பேட்டரிக் கடையாக்கி, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்திருந்தாள். தொகுப்பு டயர் கடைக்கும் போகும். கடையில் கிடக்கிற தாளைத் தவிர நெவில் வேறெதையும் படிப்பதில்லை.

"அவன் இத ஒருதடவ படிக்கணும். அதுக்குத்தான் நான் எழுதவே கத்துக்கிட்டேன்" என்றாள்.

ஆறாவதாக ஓர் ஆளைச் சேர்ப்பதுதான் வழி. விதியைத் திருத்தலாமே என்று வாசகர் கேட்கலாம். திருத்தத்துக்குத் தொண்ணூறு நாள் அறிவிப்பு தேவை, ஐம்பத்தொன்றாம் விதி. நான் ஊரெல்லாம் அலைந்தேன். எங்கள் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை காலையில் கெல்ப் முனையில் எல்லோரும் கால்பந்து மைதானத்தில் இருப்பார்கள். கால்பந்து பிடிக்காத ஒரே ஆம்பிளை நெவில்.

"யோவ் செயலாளரே, எனக்குக் கதையெல்லாம் வராதுய்யா" என்றான், ஒரு சக்கரத்தைக் கழற்றியபடி.

"வர வேண்டாம். நீ உக்காந்தா போதும். தேங்காய்த்தூள் கேக் தருவோம்."

"அவ இருப்பாளா?"

பொய் சொல்வது என் வழக்கமல்ல.

"விதிப்படி இருக்க மாட்டா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தான். கிளெனிஸைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். வாசலில் விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஐவரும் கைதூக்கி அவனைச் சேர்த்துக்கொண்டோம். கிளெனிஸின் கை கடைசியாகத்தான் உயர்ந்தது. ஷோனா பார்வையாளராக மூலையில் அமர்ந்தார்.

கிளெனிஸ் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டுப் படித்து முடித்தாள். நான் மணியடித்தேன். அந்தக் கணத்திலிருந்து அவள் அவையில் இல்லை.

கருத்துச் சொல்வோர் முதலில் ஒரு பாராட்டு, பிறகு ஒரு குறை, மறுபடி ஒரு பாராட்டு சொல்ல வேண்டும். பறவைகளைப் பற்றி மட்டுமே கவிதை எழுதும் டௌலிங் தம்பதியர், கதையில் கடற்காகங்கள் போதவில்லை என்றார்கள். மர்லீன், பேட்டரிக்கடைக்காரனுக்கு ஒரு காதலி இருக்கலாமே என்றார். நெவில் முறை வந்தது.

"எழுத்து பெரிசு பெரிசா இருக்கு. கண்ணாடி இல்லாமப் படிக்கலாம்" என்றான். அது பாராட்டு.

"இப்ப குறை" என்றேன்.

"இந்த நார்மன் காசுக்காகப் படக விக்கல. அடிப்பலக உளுத்துப்போச்சு. அக்காகாரி சொன்னாக் கேக்கற ஆளில்ல. தனியாக் கடலுக்குப் போவா. நீச்சலும் தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சுட்டுத்தான் வித்தான். அது கதையில இல்ல."

கிளெனிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பாராட்டு பாக்கி" என்று நினைவூட்டினேன்.

"அப்பா செருப்பத் தட்டித்தட்டி மணலக் கொட்டறது... அப்படியே அப்பாதான்." தாளை மடித்தான். "கேக்காம வித்தது தப்புதான். அவ மட்டும் இங்க இருந்திருந்தா, மன்னிச்சுக்கன்னு சொல்லியிருப்பேன்."

நாங்கள் நால்வரும் கடிகாரத்தைப் பார்த்தோம். விவாதம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

"நான் இங்கதான்டா இருக்கேன், மடையா!" என்றாள் கிளெனிஸ்.

ஷோனா பேனாவை எடுத்தார். "ஆசிரியர் பேசிட்டாங்க. விவாதம் செல்லாது. இந்தக் கதைய அச்சடிக்க முடியாதுங்க. உணர்வு எனக்குப் புரியுது."

"அச்சும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கிளெனிஸ் கதைத்தாளைச் சுருட்டித் தம்பியின் முதுகில் இரண்டு வைத்தாள். அவன் சிரித்தான். இருவரும் கத்திக்கொண்டே வெளியே போய், அவனுடைய வண்டியில் ஏறிப் போனார்கள். கேக்கையும் தட்டோடு கொண்டுபோனார்கள்.

அறையில் நால்வர் இருந்தோம்.

"சரி, கூட்டத்த முடிச்சுக்கலாம்" என்றார் மர்லீன்.

"முடிக்கவும் அஞ்சு பேர் வேணுமே" என்றார் ஷோனா. முப்பத்தெட்டாம் விதி. என் எழுத்துதான். பார்வையாளரை அவ்விதி கட்டுப்படுத்தாது என்பதால் அவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாங்களும் பசி தாங்காமல் ஒரு மணிக்கு எழுந்தோம். எனினும் சட்டப்படி அந்தக் கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கிளெனிஸும் நெவிலும் சனிக்கிழமைகளில் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். வரச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள்.

தொகுப்பு குறித்த நாளில் வெளிவந்தது. முறையாக விவாதித்து ஏற்கப்பட்டதாக எங்களிடம் இருந்த எழுத்து ஒன்றே ஒன்று, பதினான்காம் விதி நடைமுறைக்கு வருமுன் ஐவரும் கூடி ஏற்றது. ஆகவே அட்டை முதல் அட்டை வரை எங்கள் அறுபத்திரண்டு விதிகளும் அச்சாகியுள்ளன. டயர் கடையில் காத்திருப்பவர்கள் விரும்பிப் படிக்கிறார்களாம். அவர்களில் இருவர் அதில் மனம் பறிகொடுத்து, எங்கள் வட்டத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள்.

சேர்த்துக்கொள்ள ஐந்து பேர் வேண்டும்.