வெள்ளை வண்டிக்கு இடமில்லை

"வெள்ளை வண்டி உள்ள வரக்கூடாதுண்ணே" என்றான் தோட்டத்துக் கேட் காவல் செல்லன், துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு.

லோரி டிரைவர் ஜூலியஸ் தன் புத்தம்புது மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தான். வேறு யாருக்கோ சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தான். பின்னால் கெர்லிங் ரோட்டில் ஒரு மாட்டைத் தவிர ஒருவரும் இல்லை.

"என்னடா உளர்ற? நான்டா, ஜூலியஸ்."

"நீங்க வரலாம். வண்டிதான் வரக்கூடாது. நேத்து போலீஸ் சார்ஜன் வந்து மலாயில சொல்லிட்டுப் போனாரு. வெள்ளை வண்டி கருப்பு ஏரியாவுக்குள்ள நுழையவே கூடாதாம்."

அவசரகாலத்தின் கடைசிப் பருவம் அது. கம்யூனிஸ்டுத் தொல்லை ஓய்ந்த இடத்தையெல்லாம் அரசாங்கம் 'வெள்ளை வட்டாரம்' என்று அறிவித்து, கெடுபிடியைத் தூக்கிவிட்டது. கலும்பாங் வெளுத்துவிட்டது, கெர்லிங் வெளுத்துவிட்டது. இந்த ரப்பர் தோட்டம் மட்டும் இன்னும் கருப்பு. சுற்றிலும் முள்வேலி, ஒரே ஒரு கேட், போகும்போதும் வரும்போதும் உடம்பைத் தடவிச் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று வீட்டில் ஒரு பிடி அரிசி வைத்திருக்க முடியாது. மொத்தத் தோட்டத்துக்கும் பொதுச் சமையல்கட்டில் கவா என்ற ஒரே ராட்சத இரும்புச் சட்டியில் சோறு பொங்குவார்கள். தட்டை ஏந்தி வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

சார்ஜன் மெய்யாகவே என்ன சொன்னார் என்பது சார்ஜனுக்குத்தான் தெரியும். செல்லனுடைய மலாய் எப்படிப்பட்டது என்பது லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரியும். ஒருமுறை ஒரு போலீஸ் அதிகாரி சாப்பாட்டுக்கு 'ஆயாம்' வேண்டும் என்று கேட்டார். மலாயில் அது கோழி. செல்லன் ஓடிப்போய்ப் பிள்ளைக் கொட்டகை ஆயாவை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தியவன்.

"எங்கடா வெள்ளை? டாங்கி நீலம், சீட்டு நீலம்!"

"இதெல்லாம்?" செல்லன் துப்பாக்கி முனையால் தட்டிக் காட்டினான். காலை மறைக்கும் முன்தகடு, முன்சக்கரத்து மட்கார்டு, பக்கவாட்டு மூடிகள். எல்லாம் பிளாஸ்டிக். எல்லாம் பால்வெள்ளை. இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்த வண்டி அந்தப் பக்கத்திலேயே அதுதான் முதல் என்று வாரம் முழுக்கப் பெருமையடித்தவன் ஜூலியஸ். இப்போது அந்தப் பெருமைதான் கேட்டுக்கு வெளியே நின்றது.

"துரைகூடத்தான் வெள்ளை. அவர மட்டும் உள்ள விடுற?"

செல்லன் யோசித்தான். "துரை வண்டி இல்லையேண்ணே."

ஜூலியஸ் இறங்கினான். வண்டியை ரோட்டோரத்து ஆ சூங் கோப்பிக்கடையில் நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போனான்.

நடந்து போனதுதான் வினை. எதிரில் வந்தவர் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்தோணிதாஸ். ஜூலியஸ் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லில்லியனின் அப்பா.

"மாப்பிள, வண்டி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு மாமா."

"வண்டி தானா வருதா?" மண்டோர் மீசையைத் தடவினார். "இங்க பாருங்க. என் மூத்த மருமகன் சைக்கிள்ல பொண்ணு கேக்க வந்தான். பாலத்துல விழுந்து, இடுப்பு வரைக்கும் சேத்தோட வந்து வாசல்ல நின்னான். இன்னும் லயத்துல சிரிக்கிறாங்க. சின்னவளக் கேக்க வர்றவன் மோட்டார்லதான் வரணும். அதுவும் சொந்த மோட்டார். தோட்டத்து லோரி கணக்குல சேராது. சாமியார் மாசத்துக்கு ஒருதரம்தான் வர்றாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மணி அடிக்கிறப்ப நீங்க மாதாகோயில் வாசல்ல வண்டியோட நிக்கணும். இல்லாட்டி டிரஸர் ராஃபேல் தம்பி ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ராஃபேலிடம் இருந்தது சைக்கிள்தான். ஆனால் அதில் டைனமோ விளக்கு இருந்தது. அவன் விழவும் மாட்டான்.

அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜூலியஸ் பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு கேட்டுக்கு வந்தான். உள்ளே அரிசி ஒளித்திருக்கிறதா என்று செல்லன் அவற்றைக் குலுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு விட்டான். தலைமேல் இருந்தபோது அது வண்டி இல்லையாம்.

மரத்துக்கு நம்பர் போடும் கருப்புப் பெயிண்டை முதலில் பூசிப் பார்த்தான். காய்ந்ததும் அது வெயிலில் உரிந்த முதுகுத்தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் பொதுச் சமையல்கட்டு நவமணி வாயைத் திறந்தாள். அவளுக்கு எல்லாத் தொழிலிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் முழுசாகத் தெரியாது.

"பெயிண்டு எதுக்கு தம்பி? சீலைக்குச் சாயம் ஏத்துறாப்புல வேக வெச்சிரு. பிளாஸ்டிக்கும் ஒரு துணிதான் லா."

"அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்க போறதுக்கா?"

நவமணி சமையல்கட்டுக் கவாவைப் பார்த்தாள். ஜூலியஸும் பார்த்தான். ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம், அத்தனை பெரிசு.

"சோறு போட்டு முடிஞ்சுது. சாயந்திரம் வரைக்கும் அது சும்மாதான் கெடக்கும். கழுவிக் குடுத்துரணும், சொல்லிட்டேன்."

ஆனால் கடையில் கருப்புச் சாயம் இல்லை. கெர்லிங்கில் சீன முதலாளி பெரிய டவுக்கேயின் தாயார் இறந்து, ஊரே துக்கத்துக்குக் கருப்பு வாங்கித் தீர்த்துவிட்டது. மிச்சம் இருந்தது சிவப்பும் நீலமும். செல்லன் சொன்னது வெள்ளை கூடாது என்றுதானே, சிவப்பு கூடாது என்று சொல்லவில்லையே என்று ஜூலியஸ் கணக்குப் போட்டான். தண்ணீர் கொதித்தது. உப்பு போட்டார்கள், நவமணி யோசனைப்படி கொஞ்சம் வினிகரும். மட்கார்டு கவாவுக்குள் திரும்பித் திரும்பிப் படுத்தது.

வெளியே எடுத்தபோது நவமணி மாரில் கையை வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு சிவப்பு. ஆடு வெட்டின இடம் மாதிரி.

முன்தகட்டை வேலியில் காயப்போட்ட நேரம் பார்த்துச் சார்ஜனின் ஜீப் வந்தது. காட்டுக்காரர்களின் கொடியும் சிவப்பு, தொப்பியில் இருக்கும் நட்சத்திரமும் சிவப்பு. தோட்டத்தில் சிவப்புத் துண்டு கட்டிக்கொள்ளவே ஆண்கள் யோசிப்பார்கள். இங்கே முள்வேலிமேல் ஆள் உயரத்துக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா இனி?" என்றார் சார்ஜன். இது என்ன என்று அர்த்தம்.

செல்லன் ஜூலியஸின் காதில் மொழிபெயர்த்தான். "இனிமே இதுக்கு அப்பா யாருன்னு கேக்கிறாரு."

"நான்தான்" என்று ஜூலியஸ் கையைத் தூக்கிவிட்டான்.

ஜீப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். ஜூலியஸை வேலியோரம் உட்காரவைத்து, பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொழுது சாயும்வரை விசாரித்தார்கள். கடைசியில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா பெரிய கிராணி வந்து விளக்கிய பிறகுதான் விட்டார்கள். நாளைக்கு இந்தச் சிவப்பு என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சார்ஜன் போனார். இதைச் செல்லன் சரியாகவே மொழிபெயர்த்தான்.

விசாரணையைப் பார்க்க மொத்த லயமும் கூடிவிட்டது. கூட்டத்தில் லில்லியனும் இருந்தாள். கலையும்போது கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"நீங்க என்னைக் கட்டிக்கப் போறீங்களா, அந்த மட்கார்டையா?"

"எல்லாம் உனக்காகத்தான் லில்லி."

"எனக்காகச் செயிலுக்குப் போகச் சொல்லல."

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நவமணியை எழுப்பினான். சிவப்பின்மேல் நீலத்தை ஏற்றினால் கருப்பு வரும் என்று அவள் சத்தியம் பண்ணினாள். கவாவை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். வந்தது நாவற்பழ நிறம். பவனியில் பிஷப் அணிந்துவருவாரே, அந்த ஊதா. ஜூலியஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அரிசி மூட்டையோடு காவலர் வந்துவிட்டார். நவமணி அவசர அவசரமாகக் கவாவை இரண்டு தேய்ப்புத் தேய்த்து உலையை வைத்தாள். விளிம்புக்குக் கீழே இருந்த மடிப்பில் சாயம் தங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் வரிசையில் முதலில் நின்ற வள்ளியம்மா தட்டைப் பார்த்தாள். அப்புறம் நவமணியைப் பார்த்தாள். அப்புறம் அலறினாள்.

சோறு ரோசாப்பூ நிறத்தில் இருந்தது.

"ஐயோ, ரத்தச் சோறு!"

"வெசம் வெச்சிட்டாங்கடா!"

"சும்மா கத்தாதீங்க!" என்றாள் நவமணி. அவள் குரல் நடுங்கினாலும் வாய் நடுங்கவில்லை. "கவர்மெண்டு புது அரிசி. சத்து அரிசி. ரத்தம் ஊறுமாம்."

கவர்மெண்டு என்றதும் பாதிப் பேர் நம்பினார்கள். ரத்தம் ஊறும் என்றதும் மீதிப் பேரும் நம்பினார்கள். மண்டோர் அந்தோணிதாஸ் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் சிரித்த வாயெல்லாம் ரோசா. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயந்திரம் ஆண்கள் ஒவ்வொருவராக ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய், போன வேகத்தில் முகம் வெளுத்துத் திரும்பி ஓடிவந்தார்கள்.

"டிரஸரே, சிவப்பாப் போகுது!"

டிரஸர் ராஃபேலுக்கு அன்றுதான் பெருநாள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் பேதி மருந்து ஊற்றினான். மண்டோருக்கு மட்டும் மரியாதைக்காக இரண்டு மடங்கு. "பயப்படாதீங்க மாமா, நான் இருக்கேன்" என்று தோளைத் தட்டியும் கொடுத்தான். இதற்கு முன்னால் அவரை 'மண்டோர்' என்றுதான் கூப்பிடுவான். லயத்துப் பெண்கள் அதைக் கவனித்தார்கள். ஜூலியஸும் கவனித்தான்.

கவா இனி கிடைக்காது. ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் எண்ணெய்ப் பீப்பாயை அரை பாகமாக வெட்டி அடுப்பில் ஏற்றினான். மிச்சச் சாயம், கிராணி ஆபீசிலிருந்து கெஞ்சி வாங்கிவந்த மை, நவமணி கொடுத்தனுப்பிய மங்குஸ்தான் தோல், துருப்பிடித்த ஆணிகள் என்று எல்லாவற்றையும் கொட்டினான். கருப்பு வரும்வரை கிளறினான்.

கருப்பு வந்தது. கன்னங்கரேல் என்று வந்தது. ஆனால் அதற்குள் பிளாஸ்டிக் வெந்துவிட்டது. மட்கார்டு கருவாடு மாதிரி சுருண்டிருந்தது. முன்தகடு அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஜூலியஸ் அவற்றைத் தொடையில் வைத்து அழுத்தி, தொடை வெந்து, ஓரளவுக்கு நிமிர்த்தினான். அவன் கைகள் முழங்கை வரை கருப்பு. எவ்வளவு சோப்பு போட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை மணிக்கு முன்பே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கருப்புப் பிளாஸ்டிக்கைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். லயம் முழுக்க வீட்டுக்கு வீடு அடுப்புப் புகை. உலை கொதிக்கும் வாசம். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றைய பேதி மருந்தையும் மறந்து வள்ளியம்மா ரோசாப் பல்லைக் காட்டிக் கையசைத்தாள்.

"நல்ல நாள் தம்பி இன்னிக்கு!"

தான் பெண் கேட்கப் போவதற்காகத்தான் தோட்டமே விருந்து சமைக்கிறது என்று ஜூலியஸ் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். கேட்டில் காவலர் யாரும் அவன் சாக்கை அவிழ்க்கச் சொல்லவில்லை, உடம்பைத் தடவவில்லை. 'போ போ' என்று சிரித்தபடி கையைக் காட்டினார்கள். மாப்பிள்ளை என்றால் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

ஆ சூங் கடையில் பிளாஸ்டிக்கை வண்டியில் பொருத்தினான். ஆணித் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ரப்பர் வாரால் இழுத்துக் கட்டினான். ஆ சூங் கடையிலிருந்து வெளியே வந்து பார்த்து, ஒரு கோப்பியை இலவசமாகக் கொடுத்தான். துக்க வண்டி என்று நினைத்தான் போலிருக்கிறது.

வண்டியைக் கிளப்பினான். காற்றில் முன்தகடு படபடவென்று அடித்துக்கொண்டது. கேட் கண்ணில் பட்டது. கேட்டுக்கு அப்பால் கோயில் தெரிந்தது. வாசலில் மண்டோர் அந்தோணிதாஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நீலச் சேலையில் லில்லியன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி டிரஸர் ராஃபேல் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பூசை முடிந்த மணி அடிக்க ஆரம்பித்தது.

செல்லன் கேட்டின் குறுக்கே வந்து நின்றான். துப்பாக்கி குறுக்கே. முகம் கல்.

"டேய், நல்லாப் பாருடா!" ஜூலியஸ் தகட்டைத் தட்டினான், மட்கார்டைத் தட்டினான், தன் கையையே நீட்டிக் காட்டினான். "ஒரு பொட்டு வெள்ளை இருக்கா? கரிக்கட்டை மாதிரி இருக்குடா! இனிமே என்னடா உனக்கு?"

செல்லன் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தான். உண்மையிலேயே வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"விடியக்காலைல சார்ஜன் வந்து சொல்லிட்டுப் போனாருண்ணே. இன்னிலேர்ந்து நம்ம தோட்டமும் வெள்ளை ஏரியா. கருப்பு வண்டிய எப்படிண்ணே உள்ள விடுவேன்?"