ஒரு பந்தையும் தவறவிடாதவள்

உலகத்துக்குப் பேஸ்பால் ஆட்டத்தைக் கொடுத்தது அமெரிக்கா. அதை ஆடாமலேயே சிறந்த ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொடுத்தது எங்கள் ஊர் கச்சிராயபாளையம். இதை நான் எந்த மேடையிலும் ஏறி அடித்துச் சொல்வேன். அமெரிக்காக்காரன் நூற்றைம்பது வருஷமாக வெயிலில் நின்று, ஓடி, விழுந்து, முட்டி பேர்த்துக்கொண்டு ஆள் தேர்ந்தெடுக்கிறான். பாவம், அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

என் பெயர் கண்ணாயிரம். 'கோமுகிக்கரை மகளிர் பேஸ்பால் கழக'த்தின் செயலாளர். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. நகர்ந்தால்தானே தொலையும்?

கழகம் பிறந்த கதை வரலாற்றில் இடம்பெற வேண்டியது. எங்கள் தலைவர் செல்லமுத்துவுக்குக் கோமுகி அணைக்குக் கீழே நாற்பது ஏக்கர் கரும்பு, பஜாரில் உரக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கல்லூரிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கபடின்னா ஊருக்கு நாலு டீம் கீது. வாலிபால் கேக்கவே வாணாம். யாரும் ஆடாத ஆட்டம் எதுய்யா இதுல?"

"பேஸ்பால் இருக்குதுங்க."

"அது இன்னாது?"

"ஒருத்தர் எறிவாரு, ஒருத்தர் கட்டையால அடிப்பாரு, மத்தவங்க ஓடுவாங்க."

"யாராச்சும் ஆடறாங்களா நம்ம பக்கம்?"

"ஒருத்தரும் இல்லீங்க."

"அப்ப அதான் நம்ம ஆட்டம்" என்றார் தலைவர். இளைஞர் நலனில் அவருக்கு அப்படி ஓர் அக்கறை. அவருடைய மகள் ரம்யா அந்த வருஷம் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

கரும்பு வெட்டி முடித்த வயல் ஒன்றை மைதானமாக்கினோம். நாலு மூலைக்கும் யூரியா சாக்கில் மணல் நிரப்பிப் போட்டோம். பயிற்சியாளராகப் பழனி வந்தார். உடற்கல்வி படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர், செல்போனில் வீடியோ பார்த்தே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். உரக்கடை மாடியில் திறப்பு விழா. ரம்யா கையில் மட்டையோடு நிற்கும் படத்தை இருபதடி பிளக்ஸில் போட்டோம். அந்தப் பிளக்ஸ் பஸ் ஸ்டாப் எதிரில் வருஷம் முழுக்க நின்றது. ரம்யா அடுத்த நாள் காலையே சென்னைக்குக் கிளம்பிவிட்டாள், விடுதியில் தங்கி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க.

இப்போது மதிப்பீட்டு முறைக்கு வருகிறேன். மூத்தோர் அணி, இளையோர் அணி என்று எங்களுக்கு இரண்டு; வெளியூர்க் கழகங்களோடு ஆடுவோம். ஒவ்வொரு சித்திரையிலும், ஆட்டப் பருவம் முடிகிற சமயத்தில், 'தென்பகுதி பேஸ்பால் பேரவை' திருச்சியில் ஓர் ஆட்டம் நடத்தும். அந்த ஆட்டத்தோடு, கழகத்துக்கு ஒருவராக இளையோர் அணியிலிருந்து 'வருங்கால நட்சத்திரம்' என்று ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்கும். அது கையில் இருந்தால் மூத்தோர் அணியில் இடம், கல்லூரியில் ஸீட், விடுதி எல்லாம் வரிசையாக வரும். யாருக்கு என்பதை அந்தந்தக் கழகமே விதி எழுதி, முத்திரை குத்தி, முன்கூட்டியே பேரவைக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

மதிப்பீட்டுக் குழு உரக்கடை மாடியில் கூடியது. தலைவர், நான், பழனி, அப்புறம் எங்கள் 'புள்ளிவிவர ஆலோசகர்' அருள்மொழி. அருள்மொழி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு அதற்குள் எதை எழுதினாலும் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறவர். நாங்களும் நம்பினோம்.

"முதல்ல செந்தமிழ்ச்செல்வி" என்றார் அருள்மொழி. "அடிச்சா பந்து தூரமாப் போவுது. ஆனா இந்த சீசன்ல மூணு பந்து கெணத்துல வுழுந்துச்சு. கழகச் சொத்துக்குச் சேதம்."

தலைவர் தலையசைத்தார். செந்தமிழ்ச்செல்வி நீக்கப்பட்டாள்.

"அடுத்து சின்னப்பொண்ணு, வெள்ளிமலை. வேகம் அபாரம். ஆனா சாயந்திரம் மலைக்குப் போற கடைசி பஸ் ஆரன் அடிச்சா, ஆட்டம் எந்த நெலமையில இருந்தாலும் ஓடிடறா."

"ஓட்டம் நல்லாத்தான கீது?" என்றேன்.

"திசை சரியில்ல சார். பஸ் ஸ்டாப்புக்கு ஓடறா."

அவளும் நீக்கப்பட்டாள். பழனி எழுந்து நின்றார். "சார், இதெல்லாம் எதுக்கு? இசைவாணி எறியறத பாத்துக்கினுதான இருக்கீங்க? பதினோரு ஆட்டத்துல எட்டு ஆட்டம் அவளாலதான் ஜெயிச்சோம். வேற பேச்சே வாணாம்."

இசைவாணி யார் என்று சொல்லிவிடுகிறேன். தலைவர் வயலில் கூலிக்கு வரும் ஆயம்மாளின் மகள். போன வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டு, தலைவரின் மக்காச்சோளக் கொல்லையில் காவல் இருக்கிறாள்.

அருள்மொழி கட்டத்தைப் பார்த்தார். "இசைவாணி, ஆட்டம் பதினொண்ணு. தவறவிட்ட பந்து ஆறு."

"அவதான சார் எல்லாப் பந்துக்கும் ஓடறா! மத்ததுங்க நின்ன எடத்துலயே நின்னுக்கினு வேடிக்கை பாக்குதுங்க. கிட்டப் போனாத்தான தவறும்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க மாஸ்டர். டேட்டா பேசட்டும். ரம்யா, அணிப் பட்டியல்ல பேரு இருந்த ஆட்டம் பதினொண்ணு. தவறவிட்ட பந்து..." இங்கே அவர் குரல் தழுதழுத்தது. "சைபர்."

இப்படி ஒரு சாதனையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"யோவ், அந்தப் பொண்ணு மெட்ராஸ்ல கீது!" என்று பழனி கத்தினார். "ஒரு பந்தயும் தொட்டதே இல்லியே!"

"தொடாததாலதான் தவறல" என்றார் அருள்மொழி பொறுமையாக.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்பொண்ணுன்றதுக்காக நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்து செய்யுங்க." இப்படிப்பட்ட பற்றற்ற மனிதரைப் பார்ப்பது அபூர்வம்.

உடனே விதிகள் எழுதப்பட்டன. விதி ஒன்று: போட்டியில் இருப்பது ரம்யா, இசைவாணி இருவர் மட்டுமே. விதி இரண்டு: பருவம் முழுவதும் தவறவிட்ட பந்துகளோடு திருச்சி ஆட்டத்தில் தவறவிடுவதையும் கூட்ட வேண்டும், யாருக்குக் குறைவோ அவருக்கே சான்றிதழ். விதி மூன்று: ஒருவர் ஆடினாரா, ஆடவில்லையா என்பது பார்க்கப்படாது. மூன்றாவதை அருள்மொழி தன் கையாலேயே எழுதினார். ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் காப்பாற்ற அதைவிடப் பத்திரமான வாசகம் கிடையாது. இருவரின் பருவக் கணக்கையும் சேர்த்து நான் முத்திரை குத்தி, பேரவைக்கு அனுப்பும் உறையில் போட்டேன். பழனி கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் கீழே உரக்கடை வரை கேட்டது.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. முதலிடத்தில் இருப்பவர் திருச்சி ஆட்டத்தில் கட்டாயம் பந்து எறிய வேண்டும் என்று பேரவை பதில் அனுப்பியிருந்தது. பேரவைக்காரர்கள் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள். தலைவர் மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்பா, எனக்கு மாடல் எக்ஸாம் இருக்கு. அந்த வெயில்ல என்னால நிக்க முடியாது. பந்து கல்லு மாதிரி இருக்கும்பா. நகம் ஒடஞ்சிடும்."

தலைவர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ அனுபவம் எதற்கு இருக்கிறது? "பதிலி ஏற்பாடு செஞ்சிடலாங்க" என்றேன். ரம்யா என்று பெயர் போட்ட ஏழாம் நம்பர் சட்டையை இசைவாணி போட்டுக்கொண்டு ஆடுவாள். இசைவாணியின் பெயர் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் கடைசியாக இருக்கும். திருச்சியில் இரண்டு பேர் முகத்தையும் யாருக்கும் தெரியாது.

அவளிடம் சொல்ல நானே கொல்லைக்குப் போனேன். வரப்பில் நின்றுகொண்டு மயில் ஓட்டிக்கொண்டிருந்தாள். நூறடி தூரத்தில் கதிரைக் கொத்திக்கொண்டிருந்த மயிலின் காலுக்கு ஒரு விரற்கடை முன்னால் மண்கட்டி விழுந்து சிதறியது. மயில் பறந்தது. அடுத்த மயில், அடுத்த கட்டி, அதே விரற்கடை.

"மேல பட்டுச்சின்னா?" என்றேன்.

"பட்டா பாரஸ்ட்டுக்காரங்க கேஸு போட்டுடுவாங்க சார். வுட்டா அய்யா திட்டுவாரு. அதான் காலாண்ட போடறேன்."

விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த கட்டியைக் கீழே போட்டாள்.

"அப்ப ஆடறது நானு. சர்ட்டிபிகேட்டு ரம்யாவுக்கு."

"உனக்கு இன்னா கொறைம்மா? திருச்சி பாக்கப் போற. பிரியாணி உண்டு."

"சார், அந்த சர்ட்டிபிகேட்டு இருந்தா காலேஜில ஸீட்டும் ஹாஸ்டலும் தருவாங்கன்னு பழனி சார் விசாரிச்சிட்டு வந்தாரு. இல்லன்னா வைகாசியில திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவணும். ஏஜென்ட்டு வூட்டுக்கே வந்து ஆதார் கார்டு வாங்கிக்கினு போயிட்டான். அம்மா அழுதுக்கினு கீது."

அவள் கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் நான் பொறுப்பான பதவியில் இருப்பவன். "விதின்னு ஒண்ணு இருக்குதேம்மா" என்றேன். விதிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கழகத்தில் ஒளிவுமறைவு கிடையாது.

அவள் என் கையில் இருந்த விதித் தாளை எட்டிப் பார்த்தாள். "சார், என் பேருல இப்ப எத்தினி?"

"ஆறு."

"ரம்யாவுக்கு?"

"சைபர்."

"அங்க நான் எதுனா தவறவுட்டா யாரு பேருல எழுதுவாங்க?"

"சட்டையில இருக்கற பேருலதான். உன் பேருல ஒரு பந்துகூட ஏறாது. நீ பயப்படாம ஆடு" என்று தைரியம் சொன்னேன்.

"சரிங்க சார். போறேன்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம்தான். நல்ல பெண் என்று தலைவரிடம் சொன்னேன்.

திருச்சியில் அன்றைக்கு நல்ல வெயில். ஏழாம் நம்பர் எறிய ஆரம்பித்ததும் எதிரணிப் பெண்கள் மட்டையைக் காற்றில் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். மைதானம் முழுக்க "ரம்யா! ரம்யா!" என்று கூச்சல். தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

மூன்றாவது சுற்றில் ஒரு பந்து செங்குத்தாக எழும்பி அவள் கைக்கே வந்தது. குழந்தைகூடப் பிடித்துவிடும். கையில் விழுந்த பந்து கீழே விழுந்தது. அடித்தவள் முதல் சாக்குக்கு ஓடிவிட்டாள். "அய்யய்யோ" என்றார் அருள்மொழி. இசைவாணி பதறவில்லை. அடுத்த மூன்று பேரையும் வரிசையாக எறிந்தே வெளியேற்றினாள்.

அப்புறம் இன்னொன்று விழுந்தது. மறுபடி மூன்று பேர் வெளியே. அணிக்கு ஆபத்து இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பந்துகள் விழுந்துகொண்டிருந்தன. ஐந்தாவது விழுந்தபோது பழனி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஏழாவது பந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை. கடைசிப் பந்தைப் பாய்ந்து, தரையோடு தரையாக விழுந்து பிடித்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

பேரவை அலுவலர் விஜயலட்சுமி அம்மாள் மைக் பிடித்தார். எங்கள் கழகத்தின் முத்திரை குத்திய விதிகளைச் சத்தமாகப் படித்தார். கேட்கவே பெருமையாக இருந்தது. பிறகு, "ரம்யா, தவறவிட்டது ஏழு. இசைவாணி, ஆறு. கழக விதிப்படி சான்றிதழ் இசைவாணிக்கு" என்றார்.

மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து பதினாறாம் நம்பர் சட்டையோடு ஒரு பெண் எழுந்து போனாள். ஏழாம் நம்பர் சட்டை மடித்து பெஞ்சில் வைக்கப்பட்டிருந்தது.

தலைவர் மேடைக்கே ஓடினார். "இன்னாம்மா அநியாயம் இது! ஒரு பந்தயும் தொடாதவளுக்கு எப்பிடி சர்ட்டிபிகேட்டு குடுப்பீங்க? ஆடவே இல்லியே அவ! ஆடுனவ வயிறு எரியாதா?"

"உங்க விதி மூணுங்க. ஆடினாரா இல்லையான்னு பார்க்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்றார் விஜயலட்சுமி அம்மாள்.

"அப்பிடி எழுதுனவன் மனுசனாய்யா!" என்று கத்தினார் தலைவர். அருள்மொழி கூட்டத்துக்குள் பின்வாங்கினார்.

இசைவாணி சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, இன்னிக்கு ஆடுனது இசைவாணிதான்னு இந்த மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்க. இங்கயே திருப்பிக் குடுத்துடறேன்."

விஜயலட்சுமி அம்மாள் மைக்கை நீட்டினார். தலைவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்ஸீட்டில் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். பிரியாணி யாருக்கும் வாங்கித் தரப்படவில்லை.

மறு வாரம் குழு கூடி, நடந்தது யார் தவறு என்று விசாரித்தது. தலைவர் அருள்மொழியைச் சொன்னார். அருள்மொழி கம்ப்யூட்டரைச் சொன்னார். பழனி வரவே இல்லை. இசைவாணியையும் ஆயம்மாளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தார். கடைசியில், யார்மீது தவறு குறைவோ அவரே அடுத்த தலைவர் என்று எங்கள் முறைப்படியே கணக்குப் பார்த்தார்கள்.

நான்தான் வந்தேன். பதினோரு ஆட்டத்திலும் அந்தப் பெண் எறிந்ததை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மாடியில் விதி எழுதியபோது பார்த்தேன். கொல்லையில் அவள் கண் கலங்கியபோதும் பார்த்தேன். ஓர் இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. தவறவிட்டது, சைபர்.