எட்டிப் பார்த்த கதை

சர்வர் மறுபடியும் படுத்துக்கொண்டதும், அறையிலிருந்த அத்தனை கழுத்துகளும் புள்ளிவிவரக்காரர் பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பார்க்கறீங்க?"

"உங்க ஸ்கிரிப்ட்தானே ஓடிட்டிருக்கு?" என்றாள் வரைபடம் போடுகிறவள். "நான் ஒரு ரோட்டைக் கிளிக் பண்ணினா, அது காபி குடிச்சிட்டு வந்துதான் நகருது."

ஊரின் பஸ் பயணிகளை எல்லாம் கூட்டிக் கழிக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் அது. அறைக்கே ஒரு சர்வர்தான். கூட்டுக் குடும்பத்துக் குளியலறை மாதிரி, ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மேலாளர் வந்தார். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். சரியாகலேன்னா உங்க ஸ்கிரிப்டை நிறுத்திட்டு, பஸ் கணக்கை உங்க சகலைகிட்ட கொடுத்துடுவேன்."

எதிர் மேசைச் சகலை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். செய்தி எப்படியும் புள்ளிவிவரக்காரருக்கு முன்னால் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"நிறுத்த மாட்டேன் சார். சர்வரைத் தின்கிறது யாருன்னு நானே காட்டறேன்."

காட்டுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது எல்லார் வேலையையும் எட்டிப் பார்க்கும். சர்வர் இன்னும் மந்தமானது. குற்றவாளி இடைவெளியில் நழுவுகிறான் என்று முடிவுகட்டி, நொடிக்கு ஒரு தடவை பார்க்க வைத்தார். சர்வர் முனக ஆரம்பித்தது.

"கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன், சகலை," என்றார் எதிர் மேசைக்காரர், தன் திரையை அவசரமாக மறைத்துக்கொண்டே.

"போன கல்யாணத்துல முன்வரிசை நாற்காலியை நீங்க விட்டுக்கொடுத்தீங்களா?"

தன் வேவு ஸ்கிரிப்டை யாராவது நிறுத்திவிட்டால்? அதற்குக் காவலாக இன்னொன்றை ஏவினார். இத்தனை வேவுக்கு நடுவில் தன் பஸ் கணக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமேது?

சர்வர் அடியோடு நின்றது. சர்வரைப் பராமரிக்கும் பெண் வந்து, ஓடுகிறவற்றைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"இப்பவும் சொல்றேன், நிறுத்த மாட்டேன்," என்றார் புள்ளிவிவரக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

"நிறுத்த என்ன சார் இருக்கு? உங்க பஸ் கணக்கு காலையிலேயே முடிஞ்சாச்சு. இப்ப சர்வரை அமுக்கிட்டிருக்கிறதெல்லாம், அது இன்னும் ஓடுதான்னு ஆளாளுக்கு எட்டிப் பார்க்கற ஸ்கிரிப்ட்தான். அதுல பெரிசு மேலாளரோடது."